கரியின் கை

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூரில் வலம் வந்தது யானை. கருநிறத்தால் கரி, தமிழ்ச்சொல்லே என்பார்கள். நிறம் பொருந்துகிறது, எருமையைக் காரான் என்ற மொழிதானே இது! ஆனால் வடமொழியில் 'கர' என்றால் கை. துதிக்கை உடையது 'கரின்', பிராகிருதத்தில் 'கரி'. இதே முறையில் 'ஹஸ்த' என்னும் கையிலிருந்து 'ஹஸ்தின்'. பிராகிருதம் அதை 'ஹத்தி' ஆக்கிற்று. ஹகரம் உதிர்ந்தால் நம் 'அத்தி'. காஞ்சியின் அத்திகிரி அத்திமரத்தால் வந்த பெயராகாதா? அங்கே அத்திமரத்துப் பெருமாள் இருப்பது உண்மைதான். ஆனால் குன்றின் வடமொழிப் பெயர் ஹஸ்திகிரி, யானைமலை. கையை வைத்துப் பெயரிடுவது வடக்கே மட்டுமுள்ள வழக்கமும் அல்ல. தமிழ் அதே விலங்கைக் 'கைம்மா' என்றது. ஆகவே கரியிலும் நான் முதலில் பார்ப்பது கையைத்தான். கருமை பிறகு வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம்.