நாட்டுக்கே படியளந்தவனுக்கு வயசான காலத்தில் யார் படியளப்பது?



வாத்தியார் 60 வயசில் ரிட்டயர்டு ஆகிறார். மின்வாரிய ஊழியர் 60 வயசில் ரிட்டயர்டு ஆகிறார். மாலை போட்டு, வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள். விவசாயி எப்ப ரிட்டயர்டு ஆகிறான்? கை கால் விழுந்து கட்டிலில் படுக்கிற அன்னிக்குத்தான்.

நம்ம ஊரிலேயே எண்ணிப் பாருங்க. 70 வயசு தாண்டியும் ராத்திரி மடை திருப்பப் போகிறவர் எத்தனை பேர்? முதுகு வளைந்த பிறகும் களையெடுக்கிற, ஆடு மேய்க்கிற தாய்மார் எத்தனை பேர்? ஆசைப்பட்டா போகிறார்கள்? போகாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது. அதுதான் சங்கதி.

நிலம்தான் பென்சனா?

அதிகாரிகளிடம் கேட்டால் ஒரே பதில்தான். "உனக்குத்தான் நிலம் இருக்கே, அப்புறம் எதுக்கு பென்சன்?"

ஒண்ணரை ஏக்கர் நிலம் என்ன சோறு போடும் என்று இவர்களுக்குத் தெரியுமா? நிலம் தானாகக் காசு தராது. உடம்பில் தெம்பு இருக்கிறவரைக்கும்தான் தரும். தெம்பு போனபிறகு உழவுக்கு டிராக்டர் வாடகை, நடவுக்குக் கூலி, அறுப்புக்கு மிஷின் வாடகை என்று எல்லாத்தையும் காசு கொடுத்துச் செய்தால் கடைசியில் மிஞ்சுவது வைக்கோல்தான். வித்துச் சாப்பிடலாம் என்றால் ஒரு ஆபரேசன் செலவுக்கே அரை ஏக்கர் போய்விடும். மூணு பிள்ளைக்குப் பிரிச்சுக் கொடுத்தால் ஆளுக்கு 50 சென்ட். அதில் அவனே பிழைக்க முடியாது, அப்பனுக்கு எங்கே கஞ்சி ஊத்துவான்? பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள 100 சாகுபடி நில உடைமைகளில் 86 சிறு, குறு உடைமைகள். அதாவது 5 ஏக்கருக்கு உட்பட்டவை. இவர்கள் அத்தனை பேரையும் பார்த்து "நிலமே உன் பென்சன்" என்று சொல்வது கடைந்தெடுத்த மோசடி.

நெல் விலையில் நம்ம வயோதிகத்துக்கு ஒரு பைசா உண்டா?

ஒரு நூல் மில்லை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி நடக்கிற மில் முதலாளி தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 12 சதம் பி.எஃப். பங்காகக் கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி பென்சன் நிதிக்குப் போகிறது. அந்தப் பணத்தை அவர் சொந்தப் பையிலிருந்தா எடுக்கிறார்? இல்லை. நூலின் அடக்கவிலையில் அதையும் சேர்த்துத்தான் விற்கிறார். அதாவது, நூல் வாங்குகிறவன் தொழிலாளியின் வயோதிகத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறான். அதுதான் நியாயம்.

நம்ம நெல்லுக்கு வாங்க. ஆதரவு விலை நிர்ணயிக்க மத்திய அரசின் கமிஷன் செலவுக் கணக்கு போடுகிறது. விதை, உரம், மருந்து, டீசல், கூலி என்று எழுதுகிறார்கள். நம்ம குடும்ப உழைப்பையும் பண்ணைக்கூலி ரேட்டில் கணக்கு வைக்கிறார்கள். சரி. ஆனால் 40 வருஷம் நாட்டுக்குச் சோறு போட்டவன் 60 வயசுக்கு மேல என்ன சாப்பிடுவான் என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு வரி உண்டா? கிடையாது. சாமிநாதன் குழு 2006-ல் சொன்னபடி முழு உற்பத்திச் செலவோடு 50 சதம் சேர்த்துக் கொடுத்திருந்தாலாவது நாமே நாலு காசு சேர்த்து வைத்திருக்கலாம். அதையும் கொடுக்கவில்லை.

ஆக, நாடு குறைஞ்ச விலையில் சோறு தின்றது. அந்தக் குறைச்சலை ஈடுகட்டியது யார்? நாம். நம்ம வயோதிகத்துக்குச் சேர வேண்டிய காசைத்தான் மூட்டை மூட்டையாக விட்டுக்கொடுத்து வந்திருக்கிறோம். அதனால்தான் சொல்கிறோம்: நாங்கள் கேட்பது தர்மம் அல்ல, எங்களுக்கு வர வேண்டிய பாக்கி!

55 ரூபாய் கட்டு, 3,000 ரூபாய் வாங்கு! கணக்கு என்ன?

2019 செப்டம்பரில் ராஞ்சியில் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பேரு, கிசான் மான்தன் யோஜனா. 18 முதல் 40 வயது வரையுள்ள, 2 ஹெக்டேருக்கு மேற்படாத நிலம் உள்ள விவசாயி சேரலாம். வயசுக்குத் தகுந்தபடி மாதம் 55 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். அதே தொகையை மத்திய அரசும் போடும். 60 வயசானதும் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். அதன்பிறகு அவர் இறந்தால் மனைவிக்கு அல்லது கணவனுக்குப் பாதி. நிதியை எல்.ஐ.சி. நிர்வகிக்கிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாலு கேள்வி இருக்கு.

முதல் கேள்வி: 40 வயசைத் தாண்டியவன் என்ன பாவம் செய்தான்? இன்னிக்கு ஏர் பிடிக்கிறவரில் பாதிக்கு மேல் நரைத்த தலைதானே? வயோதிகம் பக்கத்தில் வந்து நிற்கிறவனை வெளியே நிறுத்திவிட்டு விவசாயி பென்சன் என்று பேர் வைத்தால் எப்படி?

இரண்டாவது: 3,000 ரூபாய் யார் காலத்து 3,000 ரூபாய்? 30 வயசுக்காரர் மாதம் 105 ரூபாய் வீதம் 30 வருஷம் கட்ட வேண்டும். விலைவாசி வருஷத்துக்கு 6 சதம் ஏறினால், 30 வருஷம் கழிச்சு அவர் கைக்கு வரும் 3,000 ரூபாய்க்கு இன்னிக்கு 520 ரூபாய்க்கு வாங்குகிற சாமான்தான் வாங்க முடியும். 18 வயசுப் பையன் சேர்ந்தால் 42 வருஷம் கழிச்சு அது 260 ரூபாய்க்குச் சமம். அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி ஏறுகிறது. இந்த 3,000 ஏறாமல் அப்படியே நிற்கும்.

மூன்றாவது: மழை பொய்த்த வருஷம் யார் கட்டுவது? சம்பளக்காரனுக்கு மாசாமாசம் பிடித்துக்கொள்வார்கள். நமக்கு வருமானம் அறுவடைக்கு அறுவடை; அதுவும் வந்தால் உண்டு. பத்து வருஷத்துக்குள் விட்டு விலகினால் நாம் கட்டியது சேமிப்புக் கணக்கு வட்டியோடு திரும்பும். அரசின் பங்கு கிடையாது.

நான்காவது: 2019 ஆகஸ்டு 1-ந் தேதி நில ஆவணத்தில் பேர் இருக்க வேண்டும் என்கிறது விதி. குத்தகைதாரர் கதி என்ன? பட்டா புருஷன் பேரில் இருக்க, வயலில் பாதி வேலையைப் பார்க்கிற நம்ம தாய்மார் கதி என்ன?

மூணு வருஷத்தில் 5 கோடிப் பேரைச் சேர்ப்போம் என்று அறிவித்தார்கள். அஞ்சு வருஷம் கழிச்சு, 2024 ஆகஸ்டில் அரசே சொன்ன கணக்கு 23.38 லட்சம் பேர். சொன்னதில் நூத்துக்கு அஞ்சுகூட இல்லை. விவசாயிக்கு விவரம் பத்தாதா? விவரம் இருக்கிறதாலதான் சேரல!

200 ரூபாய் எத்தனை டீக்கு வரும்?

தமிழ்நாட்டில் முதியோர் பென்சன் 1962-ல் 20 ரூபாயில் தொடங்கியது. மத்திய அரசு 1995-ல் 75 ரூபாயோடு வந்தது. பிறகு 200 ஆக்கினார்கள். 80 வயசுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 2007-ல் 200 ரூபாய். 2025-லும் அதே 200 ரூபாய்தான். நாளைக்கு 6 ரூபாய் 67 காசு. ஒரு டீ கூட வராது! மீதியை மாநில அரசு போடுகிறது. தமிழ்நாட்டில் 1,000 ரூபாயாக இருந்ததை 2023 ஆகஸ்டில் 1,200 ஆக்கினார்கள். நாளைக்கு 40 ரூபாய்.

அந்த 40 ரூபாயும் சும்மாவா வருகிறது? "ஆதரவற்றவர்" என்று நிரூபிக்க வேண்டும். மகன் இருக்கானே, நிலம் இருக்கே என்று கேட்கிறார்கள். ஊருக்கே சோறு போட்டவன், நான் நாதியற்றவன் என்று எழுதிக் கொடுத்துக் கைகட்டி நிற்க வேண்டியிருக்கு. உழைத்தவனுக்கு இதைவிட அவமானம் வேற என்ன இருக்கு?

முன்னாள் எம்.பி.க்களின் பென்சனை மாதம் 25,000-லிருந்து 31,000 ஆக உயர்த்தி 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். அவர்கள் மாசாமாசம் சந்தா எதுவும் கட்டியதில்லை. 40 வயசுக்குள் சேர்ந்தாயா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. மகன் இருக்கிறானா, சொத்து இருக்கிறதா என்றும் கேட்பதில்லை. விவசாயிக்கு மட்டும் ஏன் இத்தனை கேள்வி?

அரசு ஊழியருக்கும் தொழிலாளிக்கும் பென்சன் கொடுக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் போராடி வாங்கினார்கள். பி.எஃப். தொழிலாளிக்கு 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச பென்சன் வெறும் 1,000 ரூபாய். அதை உயர்த்தக் கேட்டு அவர்களும் வீதிக்கு வந்தார்கள். அவர்களும் நாமும் ஒரே பக்கம்தான்.

பக்கத்து வீட்டைப் பாருங்க

ஆந்திராவில் 2024 ஜூலையில் முதியோர் பென்சனை 4,000 ரூபாய் ஆக்கினார்கள். கேரளத்தில் 1980-லேயே விவசாயத் தொழிலாளிக்கு 45 ரூபாய் பென்சன் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புப் பென்சனை 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதே கேரளம் 2019-ல் விவசாயிகளுக்கென்றே நல நிதிச் சட்டம் போட்டது. விவசாயி மாதம் குறைந்தது 100 ரூபாய் கட்டினால், 250 ரூபாய் வரைக்கும் அரசும் அதே அளவு போடும் என்று சட்டத்தில் எழுதினார்கள். ஆக, மனசிருந்தால் வழியிருக்கு.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கட்டிடத் தொழிலாளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கட்டிடச் செலவில் 1 சதம் செஸ் வசூலித்து, அந்த நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். நம்ம கரும்பில் சர்க்கரையும் எத்தனாலும் எடுத்து விற்கிற ஆலை, நம்ம நெல்லைப் பாக்கெட் அரிசியாக்கி விற்கிற கம்பெனி, நம்ம மிளகாயையும் மஞ்சளையும் பொடியாக்கி ஏற்றுமதி செய்கிற கம்பெனி இவர்களின் விற்பனையில் ஒரு சதம் எடுங்க. உரத்திலும் விதையிலும் போடாதீங்க. அது சுத்தி வந்து நம்ம தலையிலேயே விடியும். நம்ம விளைச்சலில் லாபம் பார்க்கிற இடத்தில் எடுத்தால் நிதி தானாக வரும்.

போராட்டம் ஒருபக்கம், இதையும் கவனியுங்க

கோரிக்கை ஜெயிக்கிறவரைக்கும் கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது.

ஒண்ணு: 2.50 ஏக்கர் நன்செய் அல்லது 5 ஏக்கர் புன்செய்க்கு மேற்படாதவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் 2011-ல் வந்த உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினர் அட்டை வாங்கியிருக்கீங்களா என்று பாருங்க. இல்லாதவர் வி.ஏ.ஓ.விடம் மனு கொடுங்க. மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீங்க.

ரெண்டு: ஆதார் அட்டையில் வயசைப் பாருங்க. நிறையப் பேருக்கு அஞ்சு பத்து வயசு குறைச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். 60 ஆனபிறகு திருத்த அலையாமல் இப்பவே சரிபண்ணுங்க.

மூணு: 40 வயசுக்குட்பட்ட வாலிபர்கள் மான்தன் திட்டத்தையோ, வங்கியில் உள்ள அடல் பென்சன் திட்டத்தையோ விசாரித்து, கணக்கு போட்டு, முடிந்தால் சேருங்க. வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. அது போதும் என்று அரசு சொல்வதைத்தான் எதிர்க்கிறோம்.

நாலு, இதுதான் முக்கியம்: பாசத்தில் நிலம் முழுவதையும் பிள்ளைகளுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் திண்ணைக்கு வந்துவிடாதீங்க. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்க. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23-ன்படி அந்த நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

நமது கோரிக்கைகள்

* 60 வயது நிறைந்த சிறு, குறு விவசாயி, குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளி அனைவருக்கும் சந்தா இல்லாமல் மாதம் 5,000 ரூபாய் பென்சன் வழங்கு!
* பட்டா யார் பேரில் இருந்தாலும், கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாக வழங்கு!
* விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்து!
* மகன் உண்டா, நிலம் உண்டா என்ற விசாரணையைக் கைவிடு! வயதுச் சான்றை மட்டும் கேள்!
* மத்திய அரசே, 200 ரூபாய் பங்கை 2,000 ஆக்கு!
* ஆதரவு விலைக் கணக்கில் விவசாயியின் வயோதிகப் பாதுகாப்புச் செலவையும் சேர்!

தோழர்களே! 1970 ஜூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் நின்ற விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கேட்டபோதும் "அதெப்படி முடியும்?" என்றுதான் சொன்னார்கள். தொடர்ந்து நின்றோம், வாங்கினோம். இன்னிக்கு யாரும் அதைத் தொட பயப்படுகிறார்கள். பென்சனும் அப்படித்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து இருந்தால் வராது.

கிளைக் கூட்டத்துக்கு வாங்க. 60 வயசு தாண்டிய அத்தனை பேரின் பேரையும் ஊர்வாரியாகப் பட்டியல் எடுப்போம். பட்டியலோடு தாலுகா ஆபீஸ் முன்னால் உட்காருவோம். வயசானவர்களை மட்டும் அனுப்பிவிட்டு வாலிபர்கள் வீட்டில் நிற்காதீங்க. இன்னிக்கு அப்பனுக்குக் கேட்கிற பென்சன்தான் நாளைக்கு உங்களுக்கு.

படியளந்த கைக்குப் பங்கு கேட்போம்! அணி திரள்வோம்! வென்று காட்டுவோம்!