மண்சரிவுக் கணக்கில் பதுளையின் கணினிகள் பங்கெடுக்க முடியுமா?

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

மண்சரிவு எச்சரிக்கை இன்று பெரிதும் மழைமானியை நம்பியிருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் அவதானம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். ஆனால் பசறையின் சரிவும் ஹல்துமுல்லையின் சரிவும் ஒன்றல்ல. ஒவ்வொரு சரிவுக்கும் தனி அளவு காண்பதற்கு, கடந்தகால மழையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் மீண்டும் உருவாக்கிப் பார்க்க வேண்டும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். நேரப் படிகளும் இரட்டிக்கும். ஆக வேலை எட்டு மடங்கு.

ஒரு கணினியால் முடியாததைப் பலவற்றுக்குப் பங்கிடலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2019இல் தொடங்கிய ஆபிரிக்க மழைத் திட்டம், தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளைக் கொண்டே ஒரு கிலோமீற்றர் கட்டங்களில் மழையைக் கணக்கிட முனைந்தது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டின் பல்கலைக்கழகங்களை லேர்ன் வலையமைப்பு இணைக்கிறது. விரிவுரைகள் முடிந்த பின் ஆய்வுகூடக் கணினிகளுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம்.

நாளைய மழையை இந்த வழியில் கணிக்க முடியாது. அதில் அயல் கட்டங்கள் இடைவிடாமல் விடைகளைப் பரிமாற வேண்டும். ஒரு கணினி நின்றால் மற்றவையும் காத்திருக்கும். அதற்கு அதிவேக இணைப்புள்ள கணினித் தொகுதி தேவை. பழைய மழை நாட்கள் அப்படியல்ல. ஒவ்வொரு நாளையும் தனித்தனியே கணக்கிடலாம். ஒரு விடை பிந்தினாலும் நட்டமில்லை.

ஆனாலும் மீரியபெத்த எச்சரிக்கை இல்லாமல் புதையவில்லை. டித்வாவின்போதும் தமிழில் அறிவித்தல்கள் பிந்தின என்ற விமர்சனம் எழுந்தது. எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்பதைக் கணினிகள் கூடுதல் துல்லியமாகச் சொல்லக்கூடும். அதைத் தமிழில் லயனுக்குக் கொண்டுசேர்ப்பதும், வெளியேறும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான காணி கொடுப்பதும் அரசினதும் தோட்டக் கம்பனிகளினதும் பொறுப்பு. அந்த வேலையை எந்தக் கணினிக்கும் பங்கிட முடியாது.