திரும்பி வருவதற்கான சாமான்கள்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறுகிறது. கிள்ளானிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் இளைஞர்கள் எழுதுகிறார்கள்: "ஃபோர் வீல் வண்டி வாங்கியாயிற்று. காட்டுப்பாதையில் போய்க் கூடாரம் போட்டுத் தங்க ஆசை. முதலில் என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?"

இந்த ஆசையை மனமார வரவேற்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்களுக்குச் செம்மண் சாலை புதிதல்ல. தாத்தாவும் பாட்டியும் விடிவதற்கு முன்பே, தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நடந்து போன சாலை அது. தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளாக மாறின; பிள்ளைகள் தார்ச்சாலையிலேயே வளர்ந்தார்கள். இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்த வண்டியில், தங்கள் விருப்பத்தால் அந்த மண்ணைத் தேடிப் போகிறார்கள். இது பெருமைப்பட வேண்டிய விஷயம். உலு லங்காட்டும் கோல குபு பாருவும் ஜண்டா பாயிக்கும் காலையில் கிளம்பினால் பசியாறும் நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

கேள்விக்கு வருகிறேன். எந்தச் சாமானை வாங்கும் முன்பும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இது நம்மைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்குமா? இதற்கு 'ஆம்' என்று பதில் வரும் சாமான்கள் முதலில். மற்றவை எல்லாம் பிறகு.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காரணம் புரிகிறது. 1997இல் நம் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு, இடுப்பளவு சேற்றில் விஞ்ச் என்ற இழுவை இயந்திரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேறும் வண்டிகள்தான் மனத்தில் நிற்கும். ஆனால் அது தேர்ந்த ஓட்டுநர்களுக்காக, வேண்டுமென்றே பருவமழைக் காலத்தைத் தேர்ந்தெடுத்து நடத்தப்படும் போட்டி. அதைப் பார்த்துவிட்டு முதல் பயணத்துக்கே விஞ்ச், என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றிழுக்கும் ஸ்னார்க்கல், கூரைக் கூடாரம் என்று ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்ட வேண்டாம். வண்டியை உயர்த்துவது, பெரிய டயர் மாட்டுவது போன்ற மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதிகளும் உண்டு. முதலில் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் எது முதல் சாமான்? இன்னொரு வண்டி. கடையில் வாங்க முடியாத இதுதான் பட்டியலில் முதலில் வர வேண்டும். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் லண்டனிலிருந்து சாலை வழியாகக் கிளம்பினார்கள். பர்மாவையும் தாய்லாந்தையும் கடந்து, மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவர்களிடம் இருந்தவை இரண்டு லேண்ட் ரோவர்கள். ஒன்று சிக்கினால் மற்றது இழுக்கும். ஒன்று பழுதானால் மற்றதில் போய் உதவி கேட்கலாம். ஆளுக்கொரு பொறுப்பு: வழி பார்ப்பவர், வண்டியைப் பழுதுபார்ப்பவர், உணவுக்குப் பொறுப்பானவர் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த இரு வண்டிகளில் ஒன்று 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மீண்டும் ஓடியது. உலகின் பாதியைக் கடந்தவர்களே ஒற்றை வண்டியில் போகவில்லை. நாம் உலு லங்காட் காட்டுக்குள் தனியாகப் போவானேன்? பழகிய நண்பர் ஒருவரின் வண்டி முன்னே போகட்டும்.

அடுத்தது டயரும் காற்றும். சேற்றில் சிக்குபவர்களில் பலர் காற்றைக் குறைக்காமல் சிக்கியவர்கள். தார்ச்சாலைக்கு எவ்வளவு காற்று என்று ஓட்டுநர் கதவோரம் எழுதியிருக்கும். பெரும்பாலும் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். மென்மையான சேற்றிலும் மணலிலும் அதை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் டயரின் அடிப்பரப்பு நீண்டு, மண்ணை நன்றாகப் பற்றும். மிகவும் குறைத்தால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். அதனால் காற்றளவு பார்க்கும் கருவி ஒன்று கட்டாயம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பாமல் வேகமெடுத்தால் டயர் சூடாகி வெடிக்கலாம். எனவே பேட்டரியில் ஓடும் சிறிய காற்றடிக்கும் இயந்திரமும் வேண்டும். இவற்றோடு நல்ல நிலையில் உள்ள உபரி டயர், ஜாக்கி, சேற்றில் ஜாக்கி புதையாமலிருக்க அதன் அடியில் வைக்கத் தடிமனான பலகை, பஞ்சர் அடைக்கும் பொருள்கள். வண்டி வாங்கியதிலிருந்து அந்த ஜாக்கியை வெளியே எடுத்தே பார்க்காதவர்கள் உண்டு. இந்த வாரமே வீட்டு வாசலில் ஒருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

மூன்றாவதாக, சிக்கிய வண்டியை மீட்கும் சாமான்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் உயிர் போகும் இடம் இது. இழுக்கும் பட்டைகளில் இரண்டு வகை உண்டு. சாதாரண இழுவைப் பட்டை நீளாது. ஸ்னாட்ச் பட்டை நைலானால் ஆனது. இழுபடும்போது தன் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீண்டு, பிறகு சுருங்கும் விசையால் வண்டியைச் சேற்றிலிருந்து பிடுங்கும். முதல் வகையை வைத்து வேகமாக வெட்டி இழுத்தால் ஏதாவது ஒன்று முறியும். பட்டையின் தாங்கும் திறன் வண்டியின் மொத்த எடையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. மூன்று மடங்குக்கு மிகவும் மேலே போனால் பட்டை போதிய அளவு நீளாது. பட்டையை வண்டியோடு இணைக்கும் இரும்பு ஷேக்கிளின் மேல் தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எழுத்தே இல்லாத ஷேக்கிளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள்.

அதைவிட முக்கியம், பட்டையை எங்கே மாட்டுகிறோம் என்பது. வண்டியின் சட்டத்தோடு இணைந்த, எடை தாங்கும் என்று உறுதிசெய்யப்பட்ட கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுப்பதற்காகப் பின்னால் வைத்திருக்கும் உருண்டையில் ஒருபோதும் மாட்டக் கூடாது. அந்த உருண்டை முறிந்து பறந்து ஆஸ்திரேலியாவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இழுக்கும்போது பட்டையின் நடுவில் கனமான ஈரப் போர்வை ஒன்றைப் போடுங்கள். பட்டை அறுந்தால் அதன் வேகத்தை அது தணிக்கும். ஓட்டுநர்களைத் தவிர மற்ற எல்லோரும், முக்கியமாகப் பிள்ளைகள், பட்டையின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரம் தள்ளிப் பக்கவாட்டில் நிற்கட்டும். கைபேசியில் படம் எடுக்க ஆசைப்பட்டு யாரும் பட்டைக்கு நேரே போய் நிற்க வேண்டாம்.

சிக்கும் இடங்கள் பலவற்றில் பட்டையே வேண்டாம். ஒரு மண்வெட்டியும், சக்கரத்தின் அடியில் செருகும் இரண்டு பிடிமானப் பலகைகளும், கொஞ்சம் பொறுமையும் போதும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை வெட்டி எடுத்து, காற்றைக் குறைத்து, பலகையை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். வழியில் விழுந்து கிடக்கும் கிளையை வெட்ட ஒரு பாராங் இருக்கட்டும். உயிரோடு நிற்கும் மரத்தை வெட்ட அதை எடுக்காதீர்கள்.

நான்காவது, மனிதர்களுக்கானவை. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர், அதோடு ஒரு நாளுக்கு உபரி. முதலுதவிப் பெட்டி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், தலையில் மாட்டும் விளக்கு, சிறிய தீயணைப்புக் கருவி, மூடிய காலணி. ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். எலிகளின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போன விவரத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காட்டுக்குள் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்: வரைபடத்தை முன்பே இறக்கி வைப்பது நல்லது; வண்டிக்கு வண்டி பேச வாக்கி டாக்கி வேண்டும். எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எந்த நேரம் கடந்தால் 999ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு காசும் செலவில்லாத இந்தத் தாள், இங்கே சொன்ன எந்தச் சாமானுக்கும் குறைந்ததல்ல.

கூடாரத்தைப் பற்றிப் பேசும்போது 2022 டிசம்பர் 16ஐ நினைக்காமலிருக்க முடியாது. பத்தாங் காலி அருகே ஒரு பண்ணை முகாமில், அதிகாலை இருட்டில் மலைச்சரிவு சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். அந்த இடம் முகாம் நடத்த உரிமம் பெறாதது என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. கூடாரம் எவ்வளவு விலை என்பதைவிட, அதை எங்கே விரிக்கிறோம் என்பதுதான் பெரிது. செங்குத்தான சரிவின் அடியில் வேண்டாம். ஆற்றங்கரையை ஒட்டியும் வேண்டாம்: நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை 'கெப்பாலா ஆயர்' என்று நாம் அஞ்சும் வெள்ளமாகத் திடீரென்று இறங்கும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைச்சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ அந்த நிமிடமே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். முகாமுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். நிரந்தரக் காப்புக்காட்டுக்குள் நுழைய 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி மாநில வனத்துறையின் அனுமதி தேவை. அதை வாங்கிக்கொண்டு போனால், நீங்கள் உள்ளே இருப்பது அதிகாரிகளுக்கும் தெரிந்திருக்கும்.

இந்தச் சாமான்களும் பழக்கமும் விடுமுறைக்கு மட்டும் உரியவை அல்ல. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் காத்திருந்தபோது, படகோடும் உயரமான வண்டிகளோடும் வந்து உதவியவர்களில் சாதாரணத் தன்னார்வலர்கள் பலர் இருந்தார்கள். ஓடும் வெள்ளம் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரை மிதக்க வைத்துவிடும் என்பது இதில் பழகியவருக்குத் தெரியும். எங்கே போகக் கூடாது என்று அறிந்தவர்தான் பிறருக்கு உதவ முடியும். நம் இளைஞர்கள் அப்படிப்பட்டவர்களாக வளர வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆகவே, இந்த விடுமுறையில் இரவு தங்காமல் ஒரு பகல் பயணத்தோடு தொடங்குங்கள். அனுபவமுள்ள ஒருவரோடு, மழை இல்லாத நாளில், அனுமதி பெற்ற செம்பனைத் தோட்டச் சாலையில் காற்றைக் குறைத்து நிரப்பவும் பட்டையை மாட்டவும் பழகுங்கள். திரும்பி வந்ததும், எடுத்துப் போனவற்றில் எது உதவியது, எது தேவைப்படவே இல்லை என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்து வண்டி எடுப்பவர்களுக்காக அவற்றை இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்