ஒரே ராப் பாட்டு, ஆறு பேர் பங்கு: காசு எப்படிப் பிரியுது?

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள், அத்திபெலே டோல் நெரிசலில் இரண்டு பாட்டு கேட்டு முடித்துவிடலாம். எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்', அடுத்து 'எஞ்சாய் எஞ்சாமி' என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவை பிளே ஆகும்போதும் ஒரு சின்னத் தொகை கிளம்புது. அது யார் கணக்குக்குப் போகுது?

முதலில் லண்டன். ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் ராப்பர் எம்.ஐ.ஏ. (மாதங்கி அருள்பிரகாசம்), 2007இல் 'கலா' ஆல்பத்தை வெளியிட்டார். அமெரிக்க விசா சிக்கலால் ஊர் ஊராகப் போய் ரெக்கார்டு செய்த ஆல்பம்; சென்னையும் அதில் உண்டு. அதில்தான் 'பேப்பர் பிளேன்ஸ்' வந்தது. 2008இல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது.

இந்தப் பாட்டை எழுதியவர்கள் என்று 6 பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. எம்.ஐ.ஏ., அமெரிக்கத் தயாரிப்பாளர் டிப்ளோ, மீதி நான்கு பேர் 'தி கிளாஷ்' என்ற பழைய பங்க் இசைக்குழுக்காரர்கள். அந்த நால்வரில் ஜோ ஸ்ட்ரம்மர் 2002இலேயே இறந்துவிட்டார்!

பிறகு எப்படி அவருக்குப் பங்கு? பாட்டு முழுக்க ஓடும் அந்த இசைத்துண்டு, கிளாஷின் 1982 பாடலான 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லில் இருந்து எடுத்த சாம்பிள். எடுத்ததைச் சொல்லி, பங்கும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கோரஸ் பாடிய பிரிக்ஸ்டன் பகுதிச் சிறுவர்களின் பெயர் இந்த ஆறில் இல்லை. காரணம், ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கு. மெட்டும் வரியும் ஒன்று, ரெக்கார்டிங் இன்னொன்று. பாடியவர்கள் இரண்டாவது பக்கம்தான் வருவார்கள். பிரிட்டனில் முதலாவதுக்கு பி.ஆர்.எஸ்., இரண்டாவதுக்கு பி.பி.எல். என்று வசூல் அமைப்புகளே தனித்தனி.

இப்போ நம்ம ஊர். 2021 மார்ச்சில் 'மாஜா' லேபிள் வெளியிட்ட 'எஞ்சாய் எஞ்சாமி'யில் தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் மூவரும் சேர்ந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அது ஒலித்தபோது அறிவு அங்கே இல்லை. மெட்டும் எழுத்தும் தன்னுடையவை என்று அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் பதில் சொன்னார்.

2024 மார்ச்சில் அதே சந்தோஷ், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வீடியோ போட்டார். இது அவர் தரப்பு. அது சரியென்றால் கணக்கு ரொம்ப எளிது: பூஜ்யத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சமமாகப் பிரிக்கலாம். யார் பெரியவர் என்று இரண்டு வருஷம் ரசிகர்கள் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சட்டம் கைவிடவில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவில் வராத பாட்டாக இருந்தாலும், உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சம பங்கு கேட்கலாம். ஆனால் எவ்வளவு வந்தது என்று தெரிந்தால்தானே பங்கு கேட்க முடியும்? அதனால் வாரக் கடைசியில் நண்பர்களோடு டிராக் போடுகிறவர்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ரிலீசுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். லேபிளின் வரவு செலவைப் பார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் தேடுங்கள்.