இளைஞர் பகுதி: கடல் காக்கும் கல்வி

மக்களின் மேற்படிப்புப் பற்றி நம் சங்க அன்பர்கள் வினவுங்கால், பொறியியல், மருத்துவம், கணக்கியல் என்னும் மூன்றனுள் அடங்குவதே பெரும்பான்மை. அண்மைக் காலமாகப் புதியதொரு வினாவும் எழுகின்றது. "கடல்வாழ் உயிர்களைக் காக்கும் துறையில்தான் மேற்படிப்பு என்று மகள் உறுதியாக நிற்கிறாள், அது சோறு போடுமா?" என்பதே அது. வந்த ஊரில் வாடகை கொடுத்து, சொந்த ஊரிலுள்ள பெரியோர்க்கும் பணம் அனுப்பி வாழும் குடும்பங்கள் இவ்வாறு கேட்பது இயல்பே. அவ்வினாவிற்கு இத்திங்கள் விடை கூற முற்படுகிறோம்.

முதற்கண், இத்துறை செய்யும் பணி யாதெனத் தெளிதல் வேண்டும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் எண்ணப்பட்டன. 1986ஆம் ஆண்டில் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆயினும், பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தமையால் அலையைத் தாங்கும் அரண் அழிந்து, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. வான் தீவும் ஆண்டுதோறும் தேய்ந்து வரவே, அதன் முன்னே கான்கிரீட்டினாலான செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. இப்பணிக்குப் பவளத்தை அறிந்த உயிரியலாரும், அலையின் விசையை அறிந்த பொறியாளரும், சட்டத்தை நடத்தும் அரசுத் துறையினரும் ஒருங்கே வேண்டியிருந்தது. எனவே விலங்கியல் ஒன்றே இத்துறையின் வாயில் என எண்ணற்க. பொறியியலும் சட்டமும் பொருளியலும் பயின்றோர்க்கும் இங்கு இடமுண்டு.

உயிரியல் வழியே செல்ல விழைவோர்க்குப் பிளஸ் டூ முடிந்த அன்றே பாதை இரண்டாகப் பிரிகின்றது. இதனைப் பெற்றோர் பலர் காலங் கடந்தே அறிகின்றனர். ஒரு பாதை, பி.எஃப்.எஸ்ஸி. என்னும் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம். 1977இல் தோன்றிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்றவை இதனை அளிக்கின்றன. இதன் மேற்படிப்புக்கு மும்பை வெர்சோவாவில் 1961 முதல் இயங்கிவரும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் தலைசிறந்தது. ஆனால், மீன்வள முதுநிலைப் பிரிவுகளுள் பெரும்பாலானவை பி.எஃப்.எஸ்ஸி. பட்டத்தையே எதிர்பார்க்கின்றன. மற்றொரு பாதை, விலங்கியல் அல்லது தாவரவியலில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றுக் கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. பயில்வது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கார்வாரிலுள்ள கடல் உயிரியல் துறை ஆகியன இதற்குப் பெயர் பெற்றவை. காட்டுயிர் அறிவியலில் முதுநிலைக் கல்வி அளிக்கும் டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் கருதத் தக்கவை. தகுதி விதிகள் மாறக்கூடுமாதலின் அவ்வாண்டு அறிவிக்கையைப் பார்த்தே விண்ணப்பித்தல் வேண்டும்.

இனிப் பொருள் நிலை. முதுநிலைப் பட்டத்தோடு நிற்போர்க்குக் கிட்டுவன பெரும்பாலும் ஈராண்டு, மூவாண்டுத் திட்டப் பணிகளே. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதனை மறைத்துரைத்தல் முறையன்று. நிலையான பணியை நாடுவோர் முனைவர் பட்டம் வரை செல்லுதல் நலம். அதற்கு ஐந்தாண்டேனும் ஆகும். எனினும், நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறியோர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்னும் வீதம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதனால் ஆராய்ச்சிக் காலம் குடும்பத்திற்குச் சுமையாகாது. பின்னர், வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு எழுதி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றில் அமரலாம். அந்நிறுவனம் 1947இல் தோன்றி, தொடக்கத்தில் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, பின்னர்க் கொச்சிக்குப் பெயர்ந்ததாகும். இந்திய வனப்பணித் தேர்வெழுதித் தேசியப் பூங்காக்களைக் காக்கும் அதிகாரியாதலும் கூடும்.

வெளிநாட்டுப் படிப்பை விரும்புவோர்க்கு ஒரு சொல். உதவித்தொகையோடு கூடிய ஆராய்ச்சி இடம் கிட்டினால் தயங்காது அனுப்புக. வீட்டை ஈடு வைத்துச் சுயச்செலவில் முதுநிலை பயிலச் செல்வதை நாம் பரிந்துரையோம். இத்துறையின் தொடக்க ஊதியம் அக்கடனைத் தாங்காது. கடலே காணாத நாகபுரியில் பிறந்த அதிதி பந்த் உதவித்தொகை பெற்று ஹவாய் சென்று கடலியல் பயின்றார். பின்னர்க் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றி, 1983இல் புறப்பட்ட மூன்றாம் இந்திய அண்டார்க்டிகாப் பயணக் குழுவில் இடம் பெற்றார். பெண்மக்களைக் கடலுக்கு அனுப்ப அஞ்சும் பெற்றோர் இதனைக் கருதுவாராக.

பட்டத்தோடு சில பயிற்சிகளும் வேண்டும். நீச்சல் இன்றியமையாதது. முறையான முக்குளிப்புச் சான்றிதழ் இருப்பின் மேலும் நன்று. எத்தனை ஆமை, எவ்வளவு பவளம் என எண்ணிக் கணிப்பதே பணியாதலின் புள்ளியியலைக் கண்டு ஒதுங்குவோர் இங்கு நிலைத்தல் அரிது. மனத்தின் உறுதியைச் சோதிக்கவும் வழியுண்டு. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் குழுவினர் பங்குனி ஆமையின் முட்டைகளைக் காக்க இரவு நடை செல்கின்றனர். பருவ காலத்தில் ஊருக்கு வரும் பிள்ளைகள் அவர்களோடு பல இரவுகள் நடந்து பார்க்கட்டும். உறக்கம் கெட்டும் ஆர்வம் கெடாதிருந்தால் மேலே செல்லலாம்.

இறுதியாக, நம் குடும்பங்கள் சிறப்பாக எண்ண வேண்டிய ஒன்றுண்டு. குஜராத் கடலில் எண்ணெய்க்காகக் கொல்லப்பட்டு வந்த திமிங்கலச் சுறாவிற்கு 2001இல் சட்டப் பாதுகாப்புக் கிட்டியது. ஆயினும் மக்கள் மனம் மாறியது, 2004இல் தொடங்கிய இயக்கத்தின் வாயிலாகவே. அந்த மீன், பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது என்று மொராரி பாபு மக்களின் மொழியிலேயே எடுத்துரைத்தார். அதன்பின் மீனவர் தம் வலையை அறுத்து அதனை விடுவிக்கலாயினர். வலையின் இழப்பிற்கு ஈடும் வழங்கப்பட்டது. தமிழகத்தின் பாக் விரிகுடாவிலும் ஆவுளியாவிற்கென 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 2022இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டுள்ளது. கடற்புல் எங்கே செழித்துள்ளது, ஆவுளியா எங்கே மேய்கிறது என்பதை அங்குள்ள மீனவர் அறிவர். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் எனக் காற்றைப் பெயரிட்டு அழைக்கும் அவர்களது அறிவு தமிழில் உள்ளது. வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் அறிந்து, தமிழையும் பேசவும் எழுதவும் கற்றிருப்பின், அந்த அறிவை ஆராய்ச்சிக்குக் கொணர வல்லவராவர். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பை வீண்வேலை என எண்ணும் இளைஞர் இதனை நினைவிற் கொள்வாராக.

சோறு போடுமா எனின், போடும். சற்றுக் காலந் தாழ்த்திப் போடும். அக்காலம் வரை பொறுத்திருக்க இயலுமா என்பதைப் பெற்றோரும் மகளும் ஒருங்கிருந்து கணக்கிட்டு முடிவு செய்க. இயலுமெனின், அவளைத் தடுக்க வேண்டா.