மருந்தைச் சுமக்கும் வாகனம்

சாரல் காலத்தில் குற்றாலம் போயிருக்கிறீர்களா? அருவிக்குப் போகுமுன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வது ஒரு காலத்தில் அங்கே வழக்கமாக இருந்தது. "நல்லா ஊறட்டும் தம்பி, எலும்பு வரைக்கும் எறங்கும்" என்பார் தேய்த்துவிடுபவர். பிறகு பேரருவியின் கீழ் நின்றால் எண்ணெயும் போய்விடும், அலுப்பும் போய்விடும். அந்தச் சுகத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், எண்ணெய் எலும்பு வரை இறங்கியதா?

இறங்கவில்லை. நம் தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களால் ஆன ஒரு படலம் உண்டு. உடலின் பெரும்பகுதியில் அதன் கனம் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். செங்கல்லுக்கு இடையே சாந்து போல, செல்களுக்கு இடையே கொழுப்பு நிரம்பியிருக்கிறது. மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்ட பொருள்கள் இந்தச் சுவரைக் கடப்பது அரிது. நல்லெண்ணெயின் மூலக்கூறு எடையோ 900-ஐ நெருங்குகிறது. ஆகவே அது பெரும்பாலும் மேலேயே தங்கிவிடுகிறது. கற்பூரத்தின் எடை 152. சளி பிடித்தால் பாட்டி கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்ப்பார் அல்லவா? அப்போது கற்பூரம் உள்ளே போகும். எண்ணெய் வாசலில் நின்றுவிடும். (கைக்குழந்தைகளுக்கு இதைத் தேய்க்கவே கூடாது. வலிப்பு வரக்கூடும்.)

அப்படியானால் எண்ணெய்க்கு வேலையே இல்லையா? உண்டு. மருந்தைச் சுமந்து வரும் பொருளுக்கு மருந்தியலில் 'வாகனம்' என்றே பெயர். பொருத்தமான பெயர்தான். சீசன் நாளில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். வசதியாக உட்கார்ந்திருப்பவர் இறங்க அவசரப்படமாட்டார். படியில் தொங்குகிறவர் நிறுத்தம் வந்ததும் குதித்துவிடுவார். மருந்தும் அப்படித்தான். வாகனத்தில் தாராளமாகக் கரைந்திருந்தால் தோலுக்குள் இறங்கத் தயங்கும். இனிக் கரைய இடமில்லை என்னும் அளவுக்கு நெருக்கியிருந்தால் விரைந்து இறங்கும். டாகேரு ஹிகுச்சி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

இன்னொன்று: பிசுபிசுப்பான களிம்பு தோலிலுள்ள ஈரத்தை வெளியேறவிடாமல் மூடுகிறது. வெகுநேரம் குளித்தபின் விரல் நுனி ஊறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஊறிய சுவரில் மருந்து எளிதாக நுழையும். மெக்கன்சி, ஸ்டாட்டன் என்ற இருவர் 1962-இல் ஸ்டீராய்டு மருந்தைத் தோலில் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிப் பார்த்தார்கள். மருந்து ஊடுருவுவது நூறு மடங்கு வரை கூடியது!

இதெல்லாம் ஆராய்ச்சிசாலைச் சங்கதி என்று எண்ணவேண்டாம். பீட்டாமெத்தசோன் டைபுரோப்பியோனேட் என்ற ஸ்டீராய்டை எடுத்துக்கொள்வோம். 0.05 சதவீதம் கலந்த சாதாரணக் கிரீம், வீரிய வரிசையில் மூன்றாம் வகுப்பு. அதே 0.05 சதவீதத்தை, புரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்துத் தனியாகத் தயாரித்த களிம்பில் கலந்தால் முதல் வகுப்பு. அதாவது மிக வீரியமானது. மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. வாகனம்தான் வேறு.

ஆனால் மருந்துக் கடையில் என்ன நடக்கிறது? களிம்பு கேட்டால் கிரீமைக் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்கிறார்கள். சிலர், முகம் வெளுக்கும் என்று நம்பி ஸ்டீராய்டுக் கிரீமைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முன்கையைவிட நெற்றித் தோல் ஸ்டீராய்டை ஆறு மடங்கு உறிஞ்சும் என்று 1967-இலேயே அளந்திருக்கிறார்கள். விளைவு? தோல் மெலிகிறது, சிவக்கிறது, பரு வெடிக்கிறது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று ஆணையிட்டது. நல்ல காரியம்தான். என்றாலும் அது பாதி வேலை என்பேன்.

வீட்டிலுள்ள மருந்துக் குழாய் ஒன்றை எடுத்துப் படியுங்கள். மருந்தின் பெயரும் சதவீதமும் ஒழுங்காக இருக்கும். வாகனத்தைப் பற்றிப் பல குழாய்களில் ஒரே வரிதான்: 'கிரீம் பேஸ் – தேவையான அளவு'. அதில் என்னென்ன இருக்கின்றன என்பதையும் அச்சிட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். தொழில் ரகசியம் என்று கம்பெனிகள் சொல்லலாம். முகப்பூச்சுக் கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். அவர்களுக்கு இல்லாத ரகசியமா?