டயருக்குள் இருக்கும் காற்று



இம்மாதம் நம் வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப் வண்டியைப் பற்றிப் பேசுவோம். கித்தா மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. மாட்டு வண்டி போன பாதையில் பிக்கப் போகிறது. பழக்குலை ஏற்றும் குத்தகைக்காரர், உரமூட்டை கொண்டுபோகும் மண்டோர், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோய்த் தவணையில் பழைய வண்டி வாங்கிய இளைஞர் என்று பலருக்கும் அதுதான் பிழைப்பு.

வண்டி வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். மாலை போடுகிறோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். எல்லாம் சரிதான். ஆனால் அந்த நான்கு டயரிலும் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல அது. இன்றைய டயரில் நான்கில் ஒரு பங்கு காற்று குறைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இதில் இரண்டு நட்டம் இருக்கிறது. முதலாவது பணம். நல்ல டயர் நான்கு மாற்றப் போனால், 2025-ஆம் ஆண்டில் அரசாங்கம் உயர்த்திய குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளி அப்படியே கடைக்குப் போய்விடக்கூடும். இரண்டாவது உயிர். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது டயர் வெடித்தால், வண்டிக்குள் இருக்கும் குடும்பத்தின் கதி என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாரத்தைச் சுமப்பது எது?

ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு 22 கன்றுகள் வந்து சேர்ந்தன. அந்த இனம் பெருகிய காட்டில்தான் நம் பாட்டனும் பாட்டியும் மங்கில் பால் எடுத்தார்கள். இன்றும் பெரிய லாரி டயரிலும் விமான டயரிலும் மரத்துப் பாலிலிருந்து வந்த ரப்பரே பெரும்பங்கு. சூட்டையும் கிழிசலையும் தாங்கும் குணம் அதற்கு உண்டு.

ஆயினும் வண்டியின் பாரத்தை முக்கியமாகச் சுமப்பது ரப்பர் அல்ல. உள்ளே அடைத்த காற்று. 1888-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். சக்கரம் காற்றின் மேல் உருளத் தொடங்கியது. ரப்பர் அந்தக் காற்றைக் கட்டி வைத்திருக்கும் பை. சாலையைப் பிடிக்கும் தோல். பைக்குள் காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடேறி முறிகிறதல்லவா? அதுபோலத்தான். மடங்க மடங்கச் சூடு, சூட்டில் உள்ளிருக்கும் நூலும் ரப்பரும் பிரிவு, கடைசியில் வெடிப்பு. "திடீரென்று வெடித்துவிட்டது" என்பார்கள். பல நாள் மடங்கியதன் முடிவு அது.

எவ்வளவு காற்று?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு சிறு அட்டை ஒட்டியிருக்கும். முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். பாரம் ஏற்றினால் எவ்வளவு என்பதும் பல வண்டிகளில் இருக்கும். அதுதான் கணக்கு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அடிப்பவர்கள் உண்டு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச வரம்பு. உங்கள் வண்டிக்கு உரிய அளவு அல்ல.

பெட்ரோல் நிலையத்துக் கருவி கிலோபாஸ்கல் கணக்கில் காட்டினால் குழம்ப வேண்டாம். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல். 200 கிலோபாஸ்கல் என்றால் 29 பவுண்டு.

அட்டையிலுள்ள அளவு, டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. காலையில் பெரட்டுக்குப் புறப்படும் முன் பாருங்கள். ஓடி வந்த டயரில் சூட்டினால் நான்கைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை அத்தனையும் குறையாகிவிடும். ஓட்டை எதுவும் இல்லாத டயரிலேயே மாதம் ஒன்று, இரண்டு பவுண்டு தானாகக் குறைவது இயல்பு. ஆகவே மாதம் ஒரு முறையாவது பார்ப்பது கட்டாயம்.

பாரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். குலை ஒன்று 20 கிலோ என்றால் 50 குலை ஒரு டன். பொதுவாக ஒரு பிக்கப் ஏற்றக்கூடிய பாரம் ஏறக்குறைய அவ்வளவுதான். முன்னால் உட்காரும் ஆட்களும் அதில் அடக்கம். "இன்னும் இருபது குலைதானே" என்று ஏற்றுகிறவர், அந்த 400 கிலோவைப் பெரும்பாலும் பின்னிரண்டு டயரின் தலையில் வைக்கிறார். காற்றும் குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆல்-டெர்ரெய்ன் என்றால் என்ன?

"எல்லா நிலத்துக்கும் ஏற்றது" என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். தார்ச் சாலைக்கென்றே செய்த டயர் ஒரு பக்கம், சேற்றுக்கென்றே பெரிய பற்கள் வைத்த டயர் மறு பக்கம்; இரண்டுக்கும் நடுவில் நிற்பது இது. செம்மண் பாதை, சரளைக்கல், ஈரப்புல் ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். கல்லில் உரசினால் சாதாரண டயரைவிடத் தாங்கும். ஆனால் அடைமழைக்குப் பின் செம்பனைக் காட்டுக்குள் களிமண்ணில் இறங்கினால் பற்களுக்கு இடையில் சேறு அப்பிக்கொள்ளும். பிறகு வழுவழுவென்று ஓடும். நனைந்த தார்ச் சாலையில் இவற்றில் பல, சாலை டயரைவிடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். ஆகவே முன் வண்டிக்கு இடம் விட்டு ஓட்ட வேண்டும்.

அழகுக்காகப் பெரிய டயர் மாட்டும் இளைஞர்களுக்கு ஒரு கணக்கு. 265/65 ஆர் 17 இருந்த இடத்தில் 285/70 ஆர் 17 போட்டால் சக்கரத்தின் உயரம் 7 விழுக்காடு கூடுகிறது. வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி முன்பு ஓடியதைவிட 7 விழுக்காடு கூடுதலாக ஓடும். பிரேக் மட்டும் பழைய பிரேக்தான்.

காற்றை இறக்கலாமா?

காட்டுப் பாதையில் காற்றை இறக்கி ஓட்டுவது அனுபவசாலிகள் செய்வதுதான். காற்று குறைந்தால் டயர் நிலத்தில் நீளமாகப் படியும். பாரம் அதிக இடத்தில் பரவுவதால் இளகிய மண்ணில் புதையாது. கல்லின் மேல் போகும்போது கல்லைக் கவ்விக்கொண்டு போகும். குலுக்கலும் குறையும். ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, வண்டி வெறுமையாக இருக்க வேண்டும். பாரத்தோடு காற்றை இறக்குவது டயரைக் கொல்வதற்குச் சமம்.

இரண்டாவது, மெதுவாகப் போக வேண்டும். கல்லும் மேடுபள்ளமுமான செம்மண் பாதைக்கு நான்கைந்து பவுண்டு குறைத்தால் போதும். வேகம் 40 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். புதைமணலிலோ சேற்றிலோ மாட்டிக்கொண்டால் 20 பவுண்டு அளவுக்கு இறக்கி, ஊர்ந்து வெளியே வரலாம். 15-க்குக் கீழே போனால் வளைவில் திருப்பும்போது டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. தார்ச் சாலையில் ஏறுமுன் மீண்டும் காற்றடிக்க வேண்டும். வண்டி பேட்டரியில் ஓடும் சிறு காற்றடிப்பான் கையில் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது. "டவுனில் போய் அடித்துக்கொள்ளலாம்" என்று நெடுஞ்சாலையில் ஏறுகிறவர், முன்னே சொன்ன சூட்டைத் தாமே வாங்கிக்கொள்கிறார்.

இன்னொரு எச்சரிக்கை. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். செம்பனை மட்டையின் முள்ளும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும் அங்கேதான் குத்தும். நடுவில் ஆணி ஏறினால் ஒட்டுப் போடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தேய்மானத்தைப் படியுங்கள்

வெட்டிய பட்டையைப் பார்த்தே வெட்டியவர் கையைச் சொல்லிவிடும் கண் உங்களுக்கு உண்டு. கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டதா, பட்டை வீணானதா என்று ஒரு பார்வையில் தெரியும். டயரையும் அப்படியே படிக்கலாம்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால், பல நாள் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு தேய்ந்து ஓரம் அப்படியே இருந்தால், காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் காற்றின் மேல் குற்றமில்லை. சக்கரம் கோணலாக நிற்கிறது, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் அப்சார்பர் சோர்ந்துபோயிருக்கலாம், அல்லது சக்கரத்தின் சமநிலை கெட்டிருக்கலாம். காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

பள்ளத்துக்குள் சிறு மேடு ஒன்று குறுக்கே இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். உடனே மாற்ற வேண்டும். மழை அதிகமான நம் நாட்டில் அதுவரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றுவது நல்லது.

நான்கு டயரும் ஒன்றுபோல் தேய, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் இடம் மாற்றச் சொல்லுங்கள். நம் பிக்கப்புகளில் பெரும்பாலானவை போல, வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால், ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச் சாலையில் போட்டு ஓட்டாதீர்கள். டயரும் தேயும், உள்ளே பல் சக்கரங்களும் திணறும்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பல் நிறைய இருந்தாலும் ரப்பருக்கும் மூப்பு உண்டு. பக்கத்தில் வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் மலிவு என்று வாங்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் ஓடும்போது டயர் வெடித்தால், பிரேக்கைப் பதறி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்து, எண்ணெயை மெல்ல விட்டு, வேகம் குறைந்த பின் ஓரம் கட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

சிறு காற்று மானி ஒன்று வாங்கி வண்டியில் வையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியைக் கிளப்பும் முன், வீட்டிலுள்ள பையனையோ பெண்ணையோ அழைத்து நான்கு டயரையும், மாற்று டயரையும் சேர்த்து ஐந்தையும் அளக்கச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதட்டும். ஒரு டயர் மட்டும் மாதாமாதம் அதிகமாக இறங்கினால் அந்த நோட்டே காட்டிக் கொடுக்கும். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கும் பதில் கிடைத்துவிடும். அம்மாமார்களும் அந்த நோட்டை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். வண்டியில் போய்வருவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே.

ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை. அடுத்த மாதம் வேறொரு செய்தியோடு சந்திப்போம்.